வருடாந்தப் பெறுமதியும் ஆட்சேபனை உரிமையும்: சப்ரகமுவத் தோட்டப்புறத்தாருக்கு ஒரு திறந்த மடல்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில், தோட்ட எல்லைக்குள்ளும் தோட்டத்தை ஒட்டிய கடைவீதிகளிலும் வீடோ கடையோ வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு,

பிரதேச சபையிலிருந்தோ நகர சபையிலிருந்தோ வரும் மதிப்பீட்டு அறிவித்தல் இம்மாகாணத்தில் பெரும்பாலும் சிங்களத்திலேயே அமைந்திருக்கும். ஆயினும் அதில் காணப்படும் 'வரிபனம்' என்ற சொல் தமிழ்க் காதுக்கு அந்நியமானதன்று. வரிப்பணம் என்ற தமிழ்ச் சொல்லே அவ்வாறு சிங்களத்தில் புகுந்து அதன் நிர்வாக வழக்கில் நிலைபெற்றுவிட்டது. வடக்கில் சோலை வரி என்றும், அரச ஆவணங்களில் மதிப்பீட்டு வரி என்றும், தமிழ்நாட்டில் சொத்து வரி என்றும் பெயர் பெறுவது இதுவே. சொல் தமிழாக இருந்தும், அதைத் தாங்கிய தாள் கைக்கு வந்ததும் தோட்டப்புறத்தில் எழும் முதற் கேள்வி அதை யாரிடம் கொண்டுபோய் வாசிப்பிப்பது என்பதாகவும், அடுத்த கேள்வி யாரைப் பிடித்துத் தொகையைக் குறைப்பிப்பது என்பதாகவும் இருக்கிறது. அந்த இரண்டாவது கேள்வி தேவையற்றது என்று விளக்கவே இம்மடல் எழுதப்படுகிறது. தொகையைத் திருத்தும் வழி சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு எவரையும் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் அவ்வழிக்கென்று ஒரு காலக்கெடுவும் அதற்கே உரிய ஒரு பேச்சுமுறையும் உண்டு.

இவ்வழி தோட்டப்புறத்தில் பழக்கத்துக்கு வராமற் போனதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. 1930களின் பிற்பகுதியில், எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க உள்ளூராட்சி அமைச்சராக இருந்த காலத்தில், கிராமச் சபைகளுக்கான சட்டம் திருத்தப்பட்டபோது, லயங்களில் குடியிருக்கும் தோட்டத் தொழிலாளர் அச்சபைகளுக்கு வாக்களிக்கும் உரிமையிலிருந்து விலக்கப்பட்டனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாட்டின் பதிவேட்டிலிருந்தே அகற்றியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் தீர்ந்தது. இதற்கிடையே 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் நடைமுறைக்கு வந்து, தோட்டங்கள் பிரதேச சபைகளின் எல்லைக்குள் அடங்கினாலும், சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடுவதற்கு அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு நெடுங்காலம் தடையாக நின்றது. அத்தடை 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தினாலேயே தளர்ந்தது. சபை எதையும் செய்யாத இடத்தில் சபைக்கு எதுவும் செலுத்தாதிருப்பது இயல்பாகவே தோன்றியிருக்கும். லயம் தோட்டத்துக்குரியது, தோட்டம் கம்பனிக்குரியது, வரி விவகாரம் தொரையின் கந்தோருக்குரியது என்ற எண்ணம் மூன்று நான்கு தலைமுறைகளாக ஊறிப்போயிருக்கிறது. வரி செலுத்துவோர் பட்டியலில் பெயரில்லாத ஒருவருக்கு வரியை எதிர்த்து வாதாடும் பழக்கம் எங்கிருந்து வரும்?

இன்று அந்நிலை ஓரளவு மாறியிருக்கிறது. யட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட, இறக்குவானை, காவத்தை, பெல்மதுளை போன்ற ஊர்களின் கடைவீதிகளில் தோட்டத்துப் பிள்ளைகள் கடைகள் நடத்துகின்றனர். தோட்டத்தை விட்டு நாட்டுப் பக்கம் துண்டுக் காணி வாங்கி வீடு கட்டியோர் உள்ளனர். வீடமைப்புத் திட்டங்களின் கீழ் ஏழு பேர்ச்சஸ், பத்துப் பேர்ச்சஸ் காணியில் தனி வீடு பெற்றோரும் உள்ளனர். இவர்களுள் சிலருக்கு அறிவித்தல் வந்துவிட்டது. பிறருக்கு இனி வரும்.

முதலில் எந்தச் சட்டத்தின் கீழ் அறிவித்தல் வந்திருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். இரத்தினபுரி நகரத்தில் மாநகர சபையும், கேகாலை, பலாங்கொடை, எம்பிலிப்பிட்டிய நகரங்களில் நகர சபைகளும், ஏனைய இடங்களில் பிரதேச சபைகளும் இவ்வரியை அறவிடுகின்றன. மாநகர சபைக்கு 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், நகர சபைகளுக்கு 1939ஆம் ஆண்டின் 61ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், பிரதேச சபைகளுக்கு மேலே குறிப்பிட்ட 1987ஆம் ஆண்டுச் சட்டமும் அதிகாரம் அளிக்கின்றன. இவற்றுள் தோட்டப்புறத்தாருக்கு முக்கியமான ஒரு வேறுபாடு பிரதேச சபைச் சட்டத்தில் இருக்கிறது: தன் எல்லைக்குள் அபிவிருத்தியடைந்த பகுதி என்று அமைச்சரின் அங்கீகாரத்துடன் பிரகடனப்படுத்தப்பட்ட இடத்தில் உள்ள ஆதனங்களுக்கு மட்டுமே பிரதேச சபை மதிப்பீட்டு வரி விதிக்கலாம். அப்பகுதிக்கு வெளியே நிரந்தரமாகப் பயிரிடப்படும் பெரிய காணிகளுக்கு விதிக்கப்படுவது ஏக்கர் வரி எனப்படும்; அதற்குக் காணியின் பரப்பே அளவுகோல், வாடகை அன்று. தேயிலையும் இறப்பரும் நிற்கும் பரந்த நிலம் பரப்பினால் அளக்கப்பட, அதன் ஓரத்தில் கடைவீதிக்கு அருகே நிற்கும் சிறு வீடு வாடகைப் பெறுமதியினால் அளக்கப்படுகிறது என்பது இச்சட்ட அமைப்பின் விசித்திரங்களுள் ஒன்று. ஆகவே ஒரு வீடு பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிக்குள் உண்மையாகவே அடங்குகிறதா என்பதே கேட்கப்பட வேண்டிய முதல் வினா. தோட்ட வீதியின் எந்தப் பாலம் வரை, எந்த மைல்கல் வரை அப்பகுதி நீள்கிறது என்பது பிரகடனத்தில் குறிக்கப்பட்டிருக்க வேண்டியது. அதைக் காட்டும்படி கேட்பதற்கு எவருக்கும் உரிமை உண்டு.

அறிவித்தலில் உள்ள எண்களுள் உயிரானது வருடாந்தப் பெறுமதி என்பது. ஒரு வீட்டையோ கட்டடத்தையோ காணியையோ வாடகைக்கு எடுக்கும் ஒருவர், பொது வரிகளைத் தாமே செலுத்துவதாகவும், பழுதுபார்ப்பு பராமரிப்புச் செலவுகளைச் சொந்தக்காரர் ஏற்பதாகவும் கொண்டால், ஓராண்டோடு ஓராண்டைச் சேர்த்துப் பார்க்கையில், அதற்கு நியாயமாகக் கொடுக்கக்கூடிய ஆண்டு வாடகை எவ்வளவோ அதுவே வருடாந்தப் பெறுமதி என்று சட்டம் வரையறுக்கிறது. இவ்வரையறை இலங்கையில் பிறந்ததன்று. இங்கிலாந்தில் 1836ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பங்குக்கோயில் வரி மதிப்பீட்டுச் சட்டம் வகுத்த கருத்தே குடியேற்ற ஆட்சியோடு கடல் கடந்து வந்து, பின்னர் இந்நாட்டின் சட்டப் புத்தகங்களில் குடிகொண்டது. இதன் நடுவே இல்லாத ஒரு வாடகையாளர் நிற்கிறார். அவர் எங்கும் வசிப்பதில்லை. எந்த வீட்டையும் எடுக்கப் போவதுமில்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டின் வாசலிலும் நின்று, இதற்கு இவ்வளவு தருவேன் என்று சொல்பவராகக் கற்பனை செய்யப்படுகிறார். அரச விலைமதிப்புத் திணைக்களத்தின் அலுவலர் வந்து சுற்றிப் பார்த்துக் குறித்துச் செல்வது அந்தக் கற்பனை மனிதரின் வாயில் தாம் வைக்கும் எண்ணையே. மதிப்பீட்டை எதிர்ப்பது என்பது அந்த வாடகையாளர் அத்தொகையைத் தரமாட்டார் என்று காட்டுவதே ஆகும், வேறொன்றுமில்லை.

இவ்விடத்தில் தோட்டப்புறத்தார் அடிக்கடி சறுக்குகின்றனர். மத்திய கிழக்கு நாடுகளில் ஆண்டுக்கணக்காக வீட்டுப் பணிப்பெண்ணாக உழைத்த தாயின் பணத்தில், லயக் காம்பராவை விட்டு வெளியேறி, தெரணியகலை மலைச்சரிவிலோ பலாங்கொடைக்கு மேலேயோ மாபிள் தரையும் கண்ணாடி யன்னலும் வைத்துக் கட்டப்பட்ட வீடுகள் இன்று பல உள்ளன. அப்படிப்பட்ட வீட்டின் மதிப்பீட்டை எதிர்த்து மனு எழுதும்போது, எவ்வளவு கடன்பட்டுக் கட்டினோம், எத்தனை ஆண்டு பிள்ளைகளைப் பிரிந்திருந்து சம்பாதித்தோம் என்றே எழுதப்படுகிறது. அந்தத் துயரம் உண்மையானது. ஆனால் சட்டத்தின் கேள்விக்கு அது விடையாகாது என்பதோடு, வீடு பெருஞ்செலவில் கட்டப்பட்டது என்று தாமே ஒப்புக்கொள்வதாகவும் அது முடியக்கூடும். வருடாந்தப் பெறுமதிக்கு அடிப்படை கட்டிய செலவு அன்று, கிடைக்கக்கூடிய வாடகை. வாகனம் போகாத படிக்கட்டு வழியில், கடைவீதியிலிருந்து இரண்டு மூன்று கிலோமீற்றர் மேலே, பொதுக் குழாய் நீரில்லாமல் பீலி நீரை நம்பி நிற்கும் ஒரு வீட்டை, அதன் தரை மாபிளாக இருப்பதற்காக எந்த வாடகையாளர் கூடிய வாடகைக்கு எடுப்பார்? சுற்றுவட்டத்தில் வீடு வாடகைக்கு எடுக்கும் வழக்கமே அரிதாக இருந்தால் அதையும் எழுதலாம். அயலில் வாடகைக்கு விடப்பட்ட ஒரு வீடு இருந்து, அதன் மாத வாடகையும் வசதிகளும் தெரிந்திருந்தால், அந்த ஒரே ஒப்பீடு பத்துப் பக்க முறையீட்டை விட வலுவுடையது.

நிலச்சரிவு இம்மாகாணத்துக்கே உரிய மற்றொரு காரணம். 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்த அதே நாளில், புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயமும் மண்ணில் புதைந்தது. இரத்தினபுரி மாவட்டம் 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் பெருவெள்ளத்தையும் மண்சரிவையும் கண்டது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அபாய வலயங்களைக் குறித்து வரைபடங்களும் தனித்தனி இடங்களுக்கான அறிக்கைகளும் தருகிறது. மழைக்காலத்தில் வெளியேற வேண்டும் என்று எச்சரிக்கப்பட்ட வீட்டின் வாடகைப் பெறுமதி குறைந்தே இருக்கும் என்பது தெளிவு. எனவே அவ்வறிக்கையின் பிரதி ஆட்சேபனைக் கடிதத்தோடு இணைய வேண்டிய ஆவணம். மழை விட்டதும் அந்தத் தாளைத் தொலைத்துவிடும் வழக்கம் கைவிடப்பட வேண்டியது.

இவற்றுக்கு அப்பால் சாதாரணத் தவறுகள் உண்டு, அவையே எளிதில் திருத்தப்படுபவை: அறைகளின் எண்ணிக்கையோ தரைப் பரப்போ கூடுதலாகக் குறிக்கப்பட்டிருத்தல், கூரை போடாத பகுதியும் முடிந்த கட்டடமாகச் சேர்க்கப்பட்டிருத்தல், முன்விறாந்தையில் ஒரு மேசை போட்டு வெற்றிலையும் சவர்க்காரமும் விற்பதற்காக முழு வீடும் வியாபார இடமாகப் பதியப்பட்டிருத்தல், காணி பிரிக்கப்பட்ட பின்னும் பழைய சொந்தக்காரர் பெயரிலேயே முழு ஆதனமும் நிற்றல். வீட்டுக்கும் வியாபாரத்துக்கும் வரி வீதம் வேறுபடும் சபைகளில் மூன்றாவது தவறு மிகுந்த பணத்தை விழுங்கும். வழிபாட்டுக்கென ஒதுக்கப்பட்ட கட்டடத்துக்கு இவ்வரி பொதுவாக இல்லை என்பதால், தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு அறிவித்தல் வந்திருந்தால் கோயில் சபை அதையும் எழுத்தில் எதிர்க்க வேண்டும்.

வருடாந்தப் பெறுமதியையும் வரி வீதத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. எடுத்துக்காட்டாக, ஒரு வீட்டின் வருடாந்தப் பெறுமதி 12,000 ரூபாய் என்றும் சபை தீர்மானித்த வீதம் நூற்றுக்கு 6 என்றும் வைத்துக்கொண்டால், ஆண்டு வரி 720 ரூபாய். காலாண்டுக்கு 180 ரூபாய். இதில் 12,000 என்பது மட்டுமே ஆட்சேபனைக்கு உரியது. 6 என்பது சபையின் தீர்மானம். அதை எதிர்ப்போர் செல்ல வேண்டிய இடம் சபை மண்டபமும் வாக்குச்சாவடியுமே. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6ஆம் திகதித் தேர்தல் வரை தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் இல்லாமல் அதிகாரிகளே நிர்வாகம் நடத்தினர். அக்காலத்தில் இதைக் கேட்பதற்கு ஆளில்லை என்ற சாக்கு இருந்தது. இப்போது உறுப்பினர்கள் உள்ளனர். ஆயினும் தனியொரு வீட்டின் பெறுமதியைக் குறைத்துத் தருமாறு உறுப்பினரையோ தொழிற்சங்கத் தலைவரையோ நாடுவது, கருணை மனு எழுதும் பழைய வழக்கத்தின் தொடர்ச்சியே. தலைவர் பேசினால் குறைந்தது என்று ஆகும்போது, அடுத்த மதிப்பீட்டிலும் தலைவரையே தேடிப் போக வேண்டியிருக்கும். எழுத்திலான ஆட்சேபனையால் குறைந்தது என்று ஆகும்போது, அக்காரணம் கோப்பில் நிற்கும்.

ஆட்சேபனை எழுத்தில் இருக்க வேண்டும். அறிவித்தலில் குறிக்கப்பட்ட காலத்துக்குள் சபைக்குச் சேர வேண்டும். மாநகர சபைக் கட்டளைச் சட்டத்தின்படி அக்காலம் ஒரு மாதம். அதன் பின்னர் ஆட்சேபித்தவருக்கு விசாரணை நாள் அறிவிக்கப்பட்டு, அவர் சொல்வதைக் கேட்டு முடிவு தரப்படும். அம்முடிவும் ஏற்கத்தக்கதாக இல்லையேல், அது அறிவிக்கப்பட்டு 30 நாட்களுக்குள் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். பிரதேச சபைகளின் கீழும் வழியின் தன்மை இதுவே. இதில் கவனிக்கத் தவறும் ஒரு விதி, வழக்கு நீதிமன்றம் சென்றபின், முதல் ஆட்சேபனைக் கடிதத்தில் சொல்லப்படாத காரணத்துக்குச் சாட்சியம் கொண்டுவர முடியாது என்பது. ஆகவே 'வரி அதிகமாக இருக்கிறது, தயவுசெய்து குறைக்கவும்' என்று இரண்டு வரியில் எழுதிக் கொடுத்தவர், பின்னர் நிலச்சரிவு அறிக்கையோடு நீதிமன்றம் போனாலும் கதவு சாத்தியிருக்கும். பரப்புத் தவறு, வழியின்மை, நீரின்மை, அபாயம், அயல் வாடகை, பயன்பாட்டு வகை என்று பொருந்தும் காரணங்கள் அனைத்தும் முதற் கடிதத்திலேயே இடம்பெற வேண்டும். தம் கணக்கில் சரியான வருடாந்தப் பெறுமதி எவ்வளவு என்ற எண்ணையும் அதில் குறிப்பது நல்லது, ஏனெனில் எதிர் எண் இல்லாத ஆட்சேபனையை ஒதுக்கித் தள்ளுவது எளிது.

அக்கடிதத்தைத் தமிழில் எழுதலாம். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதிகளிலும் ஒருவர் தமிழில் அரச அலுவலரோடு தொடர்பு கொள்ளவும் பதில் பெறவும் உரித்துடையவர் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை கூறுகிறது. நடைமுறையில் தமிழ் தெரிந்த எழுதுவினைஞர் இல்லாத கந்தோரில் தமிழ்க் கடிதம் கிடப்பில் போடப்படும் என்ற அச்சம் ஆதாரமற்றதன்று. அதனால் சிங்கள மொழிபெயர்ப்பொன்றை உடன் இணைப்போர் உள்ளனர், அதில் தவறில்லை. ஆனால் மூலத்தைத் தமிழில் வைப்பதே சிறந்தது. தாம் வாசிக்க முடியாத கடிதத்தில் கையெழுத்திட்டவர், விசாரணை நாளில் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் நிற்க நேரும். மதிப்பீடு எந்த ஒப்பீடுகளின் அடிப்படையில் செய்யப்பட்டது என்பதை அறிய, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். அவர் 14 வேலை நாட்களுக்குள் தம் முடிவைத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதக் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது இவ்விண்ணப்பம் முதல் வாரத்திலேயே போக வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆட்சேபனை நிலுவையில் இருக்கும்போது வரியைச் செலுத்தாமல் விடுவது ஆபத்தானது. நிலுவைக்காகப் பிடியாணை எழுதி, வீட்டிலுள்ள அசையும் பொருட்களைக் கைப்பற்றி ஏலத்தில் விற்கவும், அதற்கான செலவையும் சேர்த்து அறவிடவும் சட்டம் இடமளிக்கிறது. ஆட்சேபனைக்கு உட்பட்டுச் செலுத்தப்படுகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பணம் கட்டிப் பற்றுச்சீட்டைப் பெறுவதே பாதுகாப்பான வழி. முழு ஆண்டு வரியையும் சனவரி 31ஆம் திகதிக்குள் செலுத்தினால் நூற்றுக்கு 10 கழிவும், காலாண்டின் முதல் மாதத்துக்குள் அக்காலாண்டுக்குரியதைச் செலுத்தினால் நூற்றுக்கு 5 கழிவும் உண்டு. மேலே சொன்ன 720 ரூபாய் அவ்வாறு 648 ஆகிவிடும்.

இங்கே ஒரு கடினமான விடயம் பேசப்பட வேண்டியிருக்கிறது. உறுதிப் பத்திரம் இல்லாத பல குடும்பங்கள் மதிப்பீட்டு வரிப் பற்றுச்சீட்டையே உறுதியாகப் பாவித்து, தொகை கூடினாலும் வாய் திறக்காமல் கட்டுகின்றன. எதிர்த்தால் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று அஞ்சுகின்றன. வரிப் பற்றுச்சீட்டு காணிக்கு உரிமை தருவதில்லை. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி பத்தாண்டு எதிரிடை அனுபவத்தால் தனியார் காணியில் உரிமை பெறும் வழி இருந்தாலும், அரச காணிக்கு எதிராக அது செல்லாது; 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தோடு பெருந்தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இன் பின்னர் கம்பனிகளுக்குக் குத்தகைக்கே விடப்பட்டன என்பதால், தோட்டக் காணியில் எத்தனை பற்றுச்சீட்டைச் சேர்த்தாலும் அது உறுதியாகாது. அதே வேளையில், பிள்ளையைத் தரம் 1இல் சேர்ப்பது முதல் குடியிருப்பை நிரூபிக்க வேண்டிய பல இடங்களில் அச்சீட்டுக்குப் பயனுண்டு. ஆகவே பட்டியலில் பெயர் நிற்பது நன்மையே. பெறுமதியை எதிர்ப்பதால் அப்பெயர் போவதில்லை. பெயரை வைத்துக்கொண்டே எண்ணை எதிர்க்கலாம். உண்மையில் பெயர் இருப்பவரே எதிர்க்க முடியும்.

லயக் காம்பராவில் இன்னும் இருப்போருக்கு இம்மடலில் பெரும்பகுதி பொருந்தாது. அவர்களது வீடு மதிப்பீட்டுப் பதிவேட்டில் தனிப் பதிவாக நிற்பதில்லை. ஆனால் தனி வீட்டுத் திட்டங்கள் எங்கெங்கே முடிகின்றனவோ, அங்கே குடிபுகுந்த ஆண்டிலோ அடுத்த பொது மதிப்பீட்டிலோ அலுவலர் அளவு நாடாவோடு வருவார். பொது மதிப்பீடு ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்பது வழக்கமாயினும் பல சபைகளில் அது நெடுங்காலம் தள்ளிப்போவதுண்டு. தள்ளிப்போன மதிப்பீடு வரும்போது எண் ஒரேயடியாக ஏறியிருக்கும். அன்று வீட்டில் இருப்பவர் அளவெடுப்பதைக் கூடநின்று பார்த்து, அறைகளின் நீளம் அகலத்தைத் தாமும் ஒரு கொப்பியில் குறித்து வைக்க வேண்டும். பின்னர் அறிவித்தல் தபாலில் வந்தால், அதைப் பிரித்ததும் உறையை எறிந்துவிடாமல், தபால் முத்திரையின் திகதி தெரியும்படி தாளோடு சேர்த்துக் குத்தி வைக்க வேண்டும். ஒரு மாதம் எந்த நாளிலிருந்து தொடங்கியது என்று சர்ச்சை எழுந்தால் காட்டுவதற்கு அந்த உறை கையில் இருக்கும்.